அழைத்து வா என்று சொன்னவன் எழுதுவது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மையும் நலம். மாப்பிள்ளையோடு இனி அமெரிக்காவில் இருக்க முடியாது என்று சென்ற வெள்ளிக்கிழமை தொலைபேசியில் நீ சொன்னபோது, "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறிவிடு, மற்றதை இங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று நான் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நீ அழுத குரலைக் கேட்டதும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். பாளையங்கோட்டை கோர்ட்டில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து, தலைமை எழுத்தராக, அதாவது சிரஸ்தாராக, ஓய்வு பெற்றவன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

உனக்கு ஆறு வயது இருக்கும்போது, 2000-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், செய்தித்தாளில் ஒரு படம் வந்தது. அலமாரிக்குள் ஒருவர் ஒரு பையனைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். தலைக்கவசம் போட்ட அதிகாரி ஒருவர் துப்பாக்கியோடு எதிரே நிற்கிறார். பையன் பயத்தில் கதறுகிறான். திண்ணையில் என் மடியில் இருந்த நீ அந்தப் படத்தில் விரலை வைத்து, "இவன் என்னத்த களவாண்டான், அப்பா?" என்று கேட்டாய். அவனுக்கும் உன் வயதுதான்.

அவன் பெயர் எலியான் கொன்சாலஸ், கியூபாவில் கார்டெனஸ் என்ற ஊரைச் சேர்ந்தவன். 1999 நவம்பரில் அவன் தாய், தகப்பனிடம் சொல்லாமல், அவனைச் சிறு படகில் ஏற்றிக்கொண்டு அமெரிக்காவுக்குப் புறப்பட்டாள். படகு கவிழ்ந்து தாய் கடலில் போனாள். டயர் டியூபில் மிதந்த பையனை நவம்பர் 25 அன்று மீன்பிடிக்கப் போனவர்கள் புளோரிடா கரைக்கு அப்பால் கண்டெடுத்தார்கள். மயாமியில் இருந்த அவன் தாத்தாவின் தம்பி வீட்டில் அவனை விட்டார்கள். தகப்பன் கியூபாவில் இருந்துகொண்டு பிள்ளையைத் திருப்பிக் கேட்டார். அதுவரை அது ஒரு குடும்பத்தின் துக்கம்.

அதற்குப் பிறகு அவன் பிள்ளையாக இல்லை, கொடியாகிவிட்டான். மயாமியில் குடியேறியிருந்த கியூபா மக்கள் அவனைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அந்த வீட்டைச் சுற்றிக் காவல் நின்றார்கள். ஹவானாவில் காஸ்ட்ரோ அவனைத் திருப்பித் தரச் சொல்லிப் பெருங்கூட்டங்களைத் திரட்டினார். அமெரிக்காவில் அது தேர்தல் ஆண்டு என்பதால், துணை அதிபராக இருந்த அல் கோர்கூடத் தம் அரசின் நிலைக்கு மாறாக, பையனுக்கு அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமை தரும் மசோதாவை ஆதரித்தார். குடியேற்றத் துறை 2000 ஜனவரி 5 அன்றே, இந்தப் பிள்ளைக்காகப் பேசும் உரிமை தகப்பனுக்குத்தான் என்று முடிவு சொல்லிவிட்டது. ஆனாலும் அடைக்கலம் கேட்டு அவன் பேரில் மூன்று விண்ணப்பங்கள் போடப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்றில் அந்த ஆறு வயதுப் பையனே கையெழுத்துப் போட்டிருந்தான் என்று படித்தபோது என் மனம் பதறிவிட்டது. ஆயிரக்கணக்கான மனுக்களில் கையெழுத்தைச் சரிபார்த்தவன் நான்.

ஏப்ரல் 22 விடியுமுன் அரசு அதிகாரிகள் ஆயுதத்தோடு அந்த வீட்டுக்குள் நுழைந்து அவனை எடுத்துப்போனார்கள்; நீ பார்த்த படம் அதுதான். ஜூன் 1 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் அரசின் முடிவையே ஏற்றது. ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. அன்றே அவன், அங்கே வந்திருந்த தகப்பனோடு ஊர் திரும்பினான். ஜனவரியில் சொன்ன பதிலுக்கு ஜூன் வரை அந்தக் குழந்தை காத்துக் கிடந்தது.

நம் வீட்டு விவகாரம் வேறு என்று நீ சொல்வாய். உன் மேல் மாப்பிள்ளை கை நீட்டியிருந்தால், நானும் வேறு மாதிரிதான் எழுதியிருப்பேன். அப்படி ஏதேனும் இருந்து நீ மறைத்திருந்தால், இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு உடனே அங்கே பாதுகாப்பைத் தேடு. அப்படி இல்லையென்றால், நான் சொல்வதைக் கேள். பேரன் அங்கே பிறந்தவன், அந்த நாட்டுக் குடிமகன். தகப்பனுடைய உரிமையைத் தடுக்கும் நோக்கத்தோடு பிள்ளையை அந்த நாட்டிலிருந்து கொண்டுபோவது 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றம். நீ இங்கே வந்து சேருமுன்பே உனக்கு எதிராக அங்கே உத்தரவு வந்துவிடலாம். உன் எச்-4 விசா அவருடைய விசாவோடு ஒட்டியிருப்பது; விவாகரத்தானால் அது நிற்காது. பிறகு உன்னால் அங்கே திரும்பிப் போகவும் முடியாமல், பிள்ளை மட்டும் திரும்பிப் போக வேண்டி வந்தால், அதை நீ எப்படித் தாங்குவாய்?

"இந்தியாவில் அதெல்லாம் செல்லாது" என்று உனக்குச் சொன்னவர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். எல்லை தாண்டிக் கொண்டுபோன பிள்ளையை வாழ்ந்த நாட்டுக்குத் திருப்புவதற்காக 1980-இல் உருவான ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை, உண்மைதான். கொடுமைக்குத் தப்பி வரும் பெண்களை அது மீண்டும் அங்கேயே தள்ளிவிடும் என்று இங்கே எழுந்த எதிர்ப்பையும் நான் மதிக்கிறேன். ஆனால் நம் உச்ச நீதிமன்றம் 2009-இல் ஒரு பிள்ளையை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பியது. 2015-இல் கோயம்புத்தூருக்குப் பிள்ளைகளோடு வந்த ஒரு தாய்க்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2017-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு, வெளிநாட்டு உத்தரவு ஓர் அம்சம் மட்டுமே, பிள்ளையின் நலனே பெரிது என்று ஒரு தாயிடமே மகளை விட்டது. எது உனக்கு வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மதுரைக் கிளைக்கும் டெல்லிக்கும் அலைந்து அது முடியும்போது பேரன் மூன்றாம் வகுப்புக்குப் போயிருப்பான்.

உன் மாமா நல்ல எண்ணத்தில், எம்.எல்.ஏ. வழியாக டெல்லிக்கு மனுப் போடலாம், தொலைக்காட்சிக்காரர்களை வீட்டுக்கு அழைக்கலாம் என்றார். வேண்டாம் என்று அன்றே சொல்லிவிட்டேன். நம் வாசலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு யாரும் அவன் முகத்தைப் படம் எடுக்க நான் விடமாட்டேன்.

நான் பணியில் இருந்தபோது நடந்த ஒன்றை உன்னிடம் சொன்னதில்லை. ஒரு கார்டியன் வழக்கில், பிள்ளையைத் தகப்பனிடம் ஒப்படைக்க உத்தரவாயிற்று. அந்தப் பையன் என் மேசைக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். கோர்ட் சேவகரான டவாலி இழுத்தும் வரவில்லை. கடைசியில் நான் குனிந்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். மை படிந்த சின்ன விரல்கள், வியர்வையில் வழுக்கின. தீர்ப்பு சரியானதுதான். அதன் பிறகு அந்த மேசையில் உட்கார்ந்து எழுத எனக்குப் பல நாள் ஆயிற்று.

ஆகவே, ஒளிந்து வராதே, உத்தரவோடு வா. அவன் கடந்த ஆறு மாதமாக வாழ்ந்த நியூ ஜெர்சி நீதிமன்றத்துக்குத்தான் இதை விசாரிக்கும் அதிகாரம் உண்டு. விவாகரத்துக் கேட்காமலே பிள்ளையின் பொறுப்புக்காக மட்டும் அங்கே மனுப் போடலாம். குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரை முதலில் பார், விசாவைப் பற்றிக் கேட்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. கோடை விடுமுறையில் திருநெல்வேலிக்கு அழைத்துவர அனுமதியும், திரும்பும் தேதியும் உத்தரவிலேயே எழுதியிருக்கட்டும். வழக்குச் செலவுக்கு நிலத்தை அடமானம் வைக்கப் பேசிவிட்டேன். அதைப் பற்றி நீ யோசிக்காதே.

உன் அம்மை ரத வீதிப் பாத்திரக் கடையில் பேரன் பெயரை வெட்டி ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கி வைத்திருக்கிறாள். நான் இதை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். இரவு வெகுநேரம் கழித்து, "அப்ப நாம போவோம், அந்த டம்ளர நானே கொண்டு போறேன்" என்றாள். சென்னைத் துணைத் தூதரகத்தில் எங்கள் இருவருக்கும் விசாவுக்கு எழுதப் போகிறேன். முதல் வாய்தா தேதி தெரிந்த அன்றே எனக்குச் சொல்.

ஆசிகளுடன்,
அப்பா