ஜனவரி 31க்கு முன்

டிசம்பர் 2025

அன்புள்ள சேகர்,

அமெரிக்காவின் அனஹைமில் நடக்கும் வேர்ல்ட்கானுக்கு (உலக அறிவியல் புனைகதை மாநாடு) போக முடியாதவனுக்கு, அதன் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தரும் ஹ்யூகோ விருதில் ஓட்டு எதற்கு, அதை இன்னும் நம்பலாமா என்று கேட்டிருக்கிறாய். ஓட்டுப் போட அங்கே போகவே வேண்டாம். வேர்ல்ட்கானில் ஓட்டுரிமை தரும் அடிப்படை உறுப்பினர் சந்தா 50 டாலர். நேரில் போகிறவர்கள் அதற்கு மேல் நுழைவுக்குத் தனியாகக் கட்டுகிறார்கள். உனக்கு முதலாவது போதும். மாநாடு 2026 ஆகஸ்ட் 27 முதல் 31 வரை என்றாலும் நீ குறித்துக்கொள்ள வேண்டிய தேதி ஜனவரி 31. அதற்குள் சேர்ந்தால் விருதுக்குப் படைப்புகளை முன்மொழியவும் செய்யலாம், அதில் தேறியவற்றுக்குக் கடைசிச் சுற்றில் ஓட்டும் போடலாம். பிறகு சேர்ந்தால் கடைசிச் சுற்று மட்டும்தான். 2025இல் நடந்த சியாட்டில் மாநாட்டின் உறுப்பினர்களுக்கு இதற்கு நேர்மாறு: முன்மொழியலாம், கடைசி ஓட்டு கிடையாது.

என்னைக் கேட்டால் 50 டாலரின் மதிப்பு முன்மொழிவில்தான் இருக்கிறது. கடைசிச் சுற்றில் ஆயிரக்கணக்கானவர்களில் நீ ஒருவன். சிறிய பிரிவுகளின் முன்மொழிவிலோ சில பத்து ஓட்டுகளே யார் உள்ளே, யார் வெளியே என்று முடிவு செய்துவிடும். பலர் கடைசிச் சுற்றுக்கு மட்டும் வந்து, ‘நல்லது எதுவுமே பட்டியலில் இல்லையே’ என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு பிரிவில் ஐந்து பெயர் வரை எழுதலாம், முதல் ஆறு கடைசிச் சுற்றுக்குப் போகும். எண்ணும் முறை 2017இல் மாறியது. ஒவ்வொரு பிரிவிலும் உனக்கு ஒரே ஒரு புள்ளி. ஐந்து பெயர் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் 0.2. ஒவ்வொரு சுற்றிலும் புள்ளியில் கடைசியாக நிற்கும் இரண்டு படைப்புகளை எடுத்து, எதை எழுதியவர்கள் குறைவு என்று பார்த்து அதை நீக்குவார்கள். நீ எழுதிய ஒன்று போனால் உன் புள்ளி மிச்சமிருக்கும் நான்குக்கும் 0.25 வீதம் போய்ச் சேரும். இப்படியே ஆறு மிஞ்சும்வரை.

இந்தச் சுற்றுவழி 2015இன் கூத்தால் வந்தது. அந்த ஆண்டு ஒரு கூட்டம் தயார் பட்டியல் ஒன்றைப் பார்த்து அப்படியே ஓட்டுப் போட்டுப் பல பிரிவுகளை நிரப்பியது. மற்றவர்கள் கடைசிச் சுற்றில் ஐந்து பிரிவுகளில் ‘விருது இல்லை’ என்று முடித்து வைத்தார்கள். இப்போதைய கணக்கில் 100 பேர் ஒரே ஐந்து பெயரை எழுதினால் ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளிதான். அவை ஒன்றோடொன்று மோதி, ஒவ்வொன்றாக விழுந்து, மிஞ்சுவது 25, 33, 50 என்று ஏறும். கூட்டாக வந்த ஐந்தும் பிழைப்பது கடினம், ஒன்றிரண்டு நுழையலாம். 2015இல் நாவல் விருதை வாங்கிய, சீன எழுத்தாளர் லியு சிசினின் ‘முப்பொருள் சிக்கல்’ அந்தத் தயார் பட்டியலில் இருந்த ஒருவர் தாமாக விலகியதால்தான் உள்ளே வந்தது.

ஆகவே பிடித்தது மூன்று என்றால் மூன்றே எழுது. எப்படியும் தேறிவிடும் பிரபல நாவலை இடம் நிரப்பப் போட்டால், அது கடைசிவரை நின்று, நீ நினைக்கும் சிறிய பதிப்பகப் புத்தகத்தின் பங்கைத் தின்றுகொண்டே இருக்கும்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். படைப்பு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று விதியே இல்லை. 2025இல் வெளியான தமிழ் நாவலை 2026க்கு முன்மொழியலாம். அது பட்டியலுக்கு வராவிட்டால், ஆங்கில மொழிபெயர்ப்பு முதலில் வரும் ஆண்டுக்கு மறுபடி தகுதி உண்டு. அமெரிக்காவில் முதன்முதலாக வெளியானால் அப்போதும். முன்மொழியும்போது தலைப்பைத் தமிழ் எழுத்திலும் ரோமன் எழுத்திலும் எழுதி, ஆசிரியர், பதிப்பகம் இரண்டையும் சேர்த்துவிடு. ஒரே பெயரை நான்கு பேர் நான்கு எழுத்துக்கூட்டலில் எழுதினால், அவற்றை ஒன்றுசேர்ப்பது விருதுக் குழுவின் கைவேலை.

பிரிவைச் சொல் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. 7,500க்குக் கீழே சிறுகதை, 17,500 வரை நெடுங்கதை, 40,000 வரை குறுநாவல், அதற்கு மேல் நாவல். தமிழில் 6,500 சொல் வரும் கதை ஆங்கிலத்தில் எளிதாக 7,500ஐத் தாண்டிவிடும், அதையும் பார்த்துக்கொள்.

கடைசிச் சுற்றில் 1, 2, 3 என்று வரிசை போட வேண்டும். ‘விருது இல்லை’ என்பதும் ஒரு வேட்பாளர். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பிடிக்காததை ‘விருது இல்லை’க்குக் கீழே எண் போட்டு வைத்தால், ‘விருது இல்லை’ நீக்கப்பட்டதும் உன் ஓட்டு அந்தப் பிடிக்காததற்கே போகும். அதற்கு உன் ஓட்டு போகவே கூடாது என்றால் எண் போடாமல் விட்டுவிடு.

‘இன்னும் நம்பலாமா’ என்ற உன் கேள்விக்கு என் பதில்: கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே, ஆனால் ஓட்டுப் போடு. சீனாவின் செங்டுவில் நடந்த 2023 மாநாடு மோசம்தான். ஆர். எஃப். குவாங்கின் ‘பேபல்’ நாவல் போதிய முன்மொழிவு பெற்றும் காரணம் சொல்லாமல் ‘தகுதியில்லை’ என்று தள்ளப்பட்டது, 2024 ஜனவரியில் புள்ளிவிவரம் வெளிவந்தபோதுதான் தெரிந்தது. அடுத்த மாதமே கசிந்த மின்னஞ்சல்கள், எழுத்தாளர்களின் அரசியலை நிர்வாகிகள் துருவிப் பார்த்ததைக் காட்டின. அதன்பின் 2024இல் வந்த கிளாஸ்கோ மாநாடு நடந்ததை மறைக்கவில்லை. பதிவான 3,813 ஓட்டில் 377ஐ ஒரு வேட்பாளருக்காகக் காசு கொடுத்துப் போடவைத்தவை என்று கண்டு நீக்கினார்கள், முடிவு வரும் முன்பே அறிவித்தார்கள். ஒரு வரிசை வாக்காளர்களின் பெயர்கள் அடுத்தடுத்த எண்களின் மொழிபெயர்ப்பாம்! கள்ள ஓட்டுப் போடக்கூட இவ்வளவு சோம்பல். அந்த ஓட்டுகளையும் எண்ணியிருந்தால் அந்த வேட்பாளர் ஜெயித்திருப்பார்.

நம் பக்கத்துச் செய்தியாக, இலங்கையின் வஜ்ர சந்திரசேகர அதே கிளாஸ்கோவில் நாவல் பிரிவின் இறுதி ஆறில் இருந்தார். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் தரும் நெபுலா விருதையும் அந்த நாவலுக்கே வாங்கினார்.

பணம் கட்டியதும் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்ததா பார், ஸ்பாமிலும் தேடு. படிவத்தைப் பாதியில் சேமித்து வைத்து, கெடு முடியும்வரை திருத்தலாம். நாவலுக்கு என் பட்டியல் தயார். சிறுகதையில் இரண்டு இடம் காலியாகக் கிடக்கிறது, நீ படித்ததில் 2025இல் வந்தவை எவை என்று எழுது.

அன்புடன்,
ரவி