சளிப் பரிசோதனை: 'இல்லை' என்று சொல்லத்தான் நேரம் அதிகம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காசநோயைக் கண்டுபிடிக்கும் மூலக்கூறு பரிசோதனைக் கருவிகள் இன்று பல ஊர்களுக்கு வந்துவிட்டன. மிக நல்லது, முதல் பரிசோதனை அதுவாகவே இருக்கட்டும். ஆனால் அதைக் காட்டி 'இனி மைக்ராஸ்கோப் எதற்கு?' என்று கேட்பது சரியில்லை. அந்தக் கருவி தேடுவது கிருமியின் டிஎன்ஏவை. மருந்தால் செத்த கிருமியின் டிஎன்ஏவும் சளியில் கிடக்கும். ஆகவே, சாப்பிடும் மாத்திரை வேலை செய்கிறதா என்று இடையில் பார்க்க அது தோதுப்படாது. சளியைத் தடவிச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கண்ணாடி ஸ்லைடிலும் செத்த கிருமி சிவப்பாகத் தெரிவதுண்டு என்றாலும், எண்ணிக்கை இறங்குகிறதா, ஏறுகிறதா என்பதைக் காட்டிவிடும். சந்தேகம் இருந்தால் கல்ச்சர் போட்டு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கலாம்.

அந்த ஸ்லைடு எப்படித் தயாராகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் கோளாறு ஆய்வகத்துக்கு வெளியிலேயே நடந்துவிடுகிறது. டப்பாவைக் கையில் கொடுத்து 'சளி துப்பிட்டு வாங்க' என்று சொன்னால் பெரும்பாலும் வருவது எச்சில். எச்சிலில் கிருமியைத் தேடி என்ன பயன்? வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்து விட்டு, அடி நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். 2 முதல் 5 மில்லி வரை, கெட்டியாகவோ மஞ்சளாகவோ இருந்தால் நல்ல மாதிரி. திறந்தவெளியில், ஆட்கள் பக்கத்தில் இல்லாத இடத்தில் எடுக்கச் சொல்ல வேண்டும்.

அடுத்தது ஸ்மியர், அதாவது சளியை ஸ்லைடில் மெல்லியதாகத் தேய்ப்பது. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நம் ஆய்வகங்களில் விளக்குமாற்று ஈர்க்குச்சிதான். நுனியை நசுக்கினால் நார் நாராகப் பிரிந்து கெட்டிச் சளியையும் பிடித்துக்கொள்ளும். ஒரு மாதிரிக்கு ஒரு குச்சி, தேய்த்து முடித்த உடனே 5 சதவீத ஃபீனால் என்ற கிருமிநாசினி உள்ள வாளியில் போட்டுவிட வேண்டும். சளியில் மஞ்சளாக, சீழ் போலிருக்கும் துணுக்கைப் பொறுக்கியெடுத்து, புது ஸ்லைடின் நடுவில் 3 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்துக்குச் சிறு சிறு வட்டமாகத் தேய்க்க வேண்டும். கனம் சரியா என்று பார்க்க உங்கள் நாளிதழே போதும். காய்ந்த ஸ்மியரைச் செய்தித்தாளுக்கு 4, 5 செ.மீ. மேலே பிடித்தால் அச்செழுத்து மங்கலாக, ஆனால் படிக்கும்படி தெரிய வேண்டும். எழுத்து தெரியவில்லையென்றால் கனம் அதிகம். கழுவும்போது உரிந்து போகும். பளிச்சென்று தெரிந்தால் சளி போதவில்லை.

காற்றில் கால் மணி நேரமாவது தானாகக் காய விட வேண்டும். அவசரத்துக்கு வெயிலில் வைப்பதும், ஈரம் இருக்கும்போதே தீயில் காட்டுவதும் ஸ்மியரைக் கெடுக்கும். காய்ந்தபின் ஸ்மியர் மேல்பக்கம் இருக்க, சுடருக்கு மேலே மூன்று முதல் ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நொடி காட்டினால் ஒட்டிக்கொள்ளும். கருகினால் வீண்.

காசநோய்க் கிருமியின் சுவர் மெழுகுத்தன்மையுள்ள மைக்கோலிக் அமிலம் நிறைந்தது. சாதாரணச் சாயம் எளிதில் உள்ளே போகாது. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் இந்தக் கிருமியை அறிவித்த ராபர்ட் கோக், ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் சாயத்தில் ஊறவைத்துத்தான் அதைக் கண்ணுக்குக் கொண்டுவந்தார். எர்லிக், சீல், நீல்சன் ஆகியோர் அடுத்த ஓரிரு ஆண்டுக்குள் அதைச் சில நிமிட வேலையாக்கினார்கள். அந்தச் சீல்-நீல்சன் முறைதான் இன்றும் நம் மேசையில் இருக்கிறது.

10 கிராம் பேஸிக் ஃபுக்சினை 100 மில்லி ஆல்கஹாலில் கரைத்து, உருக்கிய 50 கிராம் ஃபீனால் சேர்த்து, காய்ச்சி வடித்த நீரால் ஒரு லிட்டர் ஆக்கினால் 1 சதவீதக் கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயம் கிடைக்கும். புட்டியின் லேபிளில் சாய அளவு 85 சதவீதம் என்றிருந்தால் 10 கிராம் போதாது, 10-ஐ 0.85-ஆல் வகுத்து 11.8 கிராம் எடுக்க வேண்டும். இந்தக் கணக்கைப் பலர் போடுவதேயில்லை. சாயம் வெளிறிப்போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஸ்லைடு முழுக்கச் சாயத்தை வடிகட்டியே ஊற்ற வேண்டும். வடிகட்டாத சாயத்தின் படிகங்கள் சிவப்புத் துணுக்காக நின்று கிருமி போல ஏமாற்றும். அடியிலிருந்து சூடு காட்டி, ஆவி எழும்பியதும் நிறுத்த வேண்டும். கொதிக்கக் கூடாது, காயவும் கூடாது. ஐந்து நிமிடம் அப்படியே இருக்கட்டும்.

மெல்லிய ஓட்டத்தில் கழுவி, 25 சதவீதக் கந்தக அமிலத்தை 2 முதல் 4 நிமிடம் வரை ஊற்றி வைக்க வேண்டும். மற்ற எல்லாவற்றின் சிவப்பும் போய்விடும். மெழுகுச் சுவருக்குள் மாட்டிக்கொண்ட சாயம் மட்டும் வெளியேறாது. சிவப்பு இன்னும் தங்கியிருந்தால் அமிலத்தை இன்னொரு முறை ஊற்றலாம். அமிலம் தயாரிக்கும்போது 750 மில்லி தண்ணீரில் 250 மில்லி அமிலத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கடைசியாக 0.1 சதவீத மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம், 30 நொடி போதும். நீலம் தடித்தால் கிருமி அதற்குள் மறைந்துபோகும். கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீரை நம்பாதீர்கள். அதில் வாழும் வேறு மைக்கோபாக்டீரியாவும் சிவப்பாகவே நிற்கும்.

நூறு மடங்கு ஆயில் லென்ஸில் பார்த்தால் நீலத் தளத்தில் மெல்லிய சிவப்புக் கோடு. லேசாக வளைந்து, சில வேளை மணி கோத்தாற்போல விட்டுவிட்டு. எண்ணெய்ச் சொட்டியின் நுனி ஸ்லைடைத் தொடக் கூடாது; தொட்டால் ஒருவர் சளியின் கிருமி அடுத்தவர் ஸ்லைடுக்குப் போய்விடும். பழைய ஸ்லைடைக் கழுவி மறுபடி பயன்படுத்துவதும் இதே ஆபத்துதான்.

இனி, இந்தக் கடிதம் எழுதக் காரணமான விஷயம். லென்ஸில் ஒரே நேரத்தில் தெரியும் வட்டப் பரப்பைப் புலம் என்போம்; கிருமி எவ்வளவு என்பதை 1+, 2+, 3+ என்று தரம் பிரித்து எழுதுவோம். ஒரு புலத்துக்குப் பத்துக்கும் மேல் கிருமி இருந்தால் 20 புலம் பார்த்தாலே 3+ என்று எழுதிவிடலாம். ஒன்று முதல் பத்து வரை என்றால் 50 புலம், 2+. நூறு புலத்துக்கு 10 முதல் 99 வரை என்றால் 1+. ஒன்று முதல் ஒன்பது வரை என்றால் எத்தனை என்ற எண்ணையே எழுத வேண்டும். ஒன்றுமே இல்லை என்று சொல்ல 100 புலத்தையும் பார்த்தாக வேண்டும். ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமி வரை இருந்தால்தான் இந்த முறையில் தென்படும். கொஞ்சமாகக் கிருமி உள்ளவரை 30 புலத்தோடு நிறுத்தினால் தவறவிட்டுவிடுவோம். நோயாளி 'நெகட்டிவ்' சீட்டோடு வீட்டுக்குப் போவார். வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

நூறு புலம் ஒழுங்காகப் பார்க்க ஐந்து நிமிடத்துக்குக் குறையாது. ஒருவர் நாளொன்றுக்குச் சாயமிட்டுப் பார்க்கக்கூடியது 20 முதல் 25 ஸ்லைடு வரைதான். அதற்கு மேல் கண் களைத்துவிடும். அதே ஆளிடம் ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, பதிவேடு எல்லாவற்றையும் சுமத்திவிட்டு முடிவை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. ஸ்லைடு அதிகம் வரும் இடங்களில் எல்இடி ஒளியில் ஆரமைன் சாய முறைக்கு மாறலாம். குறைந்த உருப்பெருக்கத்தில் பரந்த புலம் தெரியும்; கருப்பில் மஞ்சளாக மின்னும் கிருமி சீக்கிரம் கண்ணில் படும்.

சுகாதாரத் துறைக்கு இரண்டு வேண்டுகோள். ஒவ்வொரு ஆய்வக நுட்புநருக்கும் நாளொன்றுக்கு இத்தனை ஸ்லைடு என்று உச்சவரம்பு வைத்து, அதற்கு மேல் வந்தால் இன்னொருவரை நியமியுங்கள். மறுபரிசோதனைக்காக ஸ்லைடுகளைப் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிக்காமல் வரிசை எண்படியே பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். மறுபடி பார்ப்பவருக்கு முதல் முடிவு தெரியக் கூடாது.

இப்படிக்கு,
ஆய்வக நுட்புநர் ஒருவர்,
மதுரை