புது அம்மாக்களுக்கு மனச்சோர்வுப் பரிசோதனை: ஞாயிறு காலை

அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஓராண்டில் குழந்தை பெற்றவர்களுக்காக வரும் ஞாயிறு காலை 10.30க்கு நம் சமுதாயக் கூடத்தில் பரிசோதனை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ கேள்வித்தாள்தான், தமிழில். 10 கேள்விகள், கடந்த 7 நாட்கள் மனம் எப்படி இருந்தது என்று கேட்கும். ஊசி, ரத்தம் எதுவும் இல்லை.

என் மகள் பிறந்தபோது அவள் தூங்கினாலும் நான் விடியும்வரை மின்விசிறியையே பார்த்துக் கிடந்தேன். "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அதனால்தான் சொல்கிறேன், தயவுசெய்து வாருங்கள்.

1. குழந்தையோடு வரலாம். பாலூட்டத் தனி அறை உண்டு.
2. கணவர், அம்மா, மாமியார் குழந்தையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். அவள் தனியாகப் பதில் எழுதட்டும்.
3. பெயரைக் குழுவில் போட வேண்டாம். வெள்ளி இரவுக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.
4. தன்னையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தால் ஞாயிறுவரை காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.