ஹோஹென்ட்வீலில் கோட்டை மட்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தென் ஜெர்மனியின் ஹோஹென்ட்வீல் எரிமலைக் குன்று பற்றிய பயணக் கட்டுரை படித்தேன். கோட்டையை விலாவாரியாக எழுதியவர், செடிகளை ஒரே வரியில் முடித்துவிட்டார். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நடந்த முப்பதாண்டுப் போரில் ஐந்து முற்றுகைக்கும் மசியாத கோட்டை, 1800-இல் சண்டையே போடாமல் பிரெஞ்சுப் படையிடம் சரணடைந்து இடிபட்டது. சரி, அது போகட்டும். பிடி மண்கூட இல்லாத, வெயில் காயும் பாறை இடுக்குகளில் இளஞ்சிவப்புக் காட்டுக் கார்னேஷனும், கசக்கினால் காரமாக மணக்கும் நீலப்பூ ஹிசாப் மூலிகையும் வளர்கின்றன. கோட்டைத் தோட்டத்தில் மருந்துக்கு வைத்த ஹிசாப்தான் இப்படிப் பரவியது என்பார்கள். 1941 முதல் இந்தக் குன்று இயற்கைக் காப்பிடம். புதர் மண்டாமலிருக்க ஆடுகளை மேய விடுகிறார்கள். படம் எடுக்கிறேன் என்று பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று கட்டுரையாளர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

- ஒரு வாசகர், ஸ்டுட்கார்ட்