வாதிப் பட்டியலில் அம்மாவின் பேர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே நாங்கள் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, காலையில் கண்மாய்க் கரை வரை நடந்துவிட்டு வருகிறார்.

பள்ளிக்கூடச் சொத்துக்காக நம் சபைப் போதகர் ஐயா மேல் போட்ட வழக்கைப் பற்றி அன்றைக்கு நீ போனில் அழுதுகொண்டே கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. "எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும்மா, என் கல்யாணத்தை முடிச்சு வச்சவரும்மா, அவர் மேலயே கேஸா? உன் பேரையாவது எடுத்துடு" என்றாய். பேரை எடுக்கப் போவதில்லை பாப்பா. ஏன் என்று போனில் சொன்னால் பாதியில் நீயும் அழுவாய், நானும் அழுவேன். அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு மாப்பிள்ளையிடமும் கொடு.

முதலில் ஒன்று. ஐயாவை நான் மறக்கவில்லை. அப்பாவைப் பாம்பு கடித்த ராத்திரி உனக்கு நினைவிருக்காது, நீ கைக்குழந்தை. பஸ் கிடையாது. ஐயா தன் டி.வி.எஸ். 50-ல் அப்பாவை நடுவில் உட்கார வைத்து, பின்னால் உன் மாமா பிடித்துக்கொள்ள, மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். விடியும் வரை வார்டு வாசலில் முழங்காலில் நின்றவர் அவர். அந்த நன்றி நான் சாகும் வரை இருக்கும். கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்டாலும் இதைச் சொல்லுவேன்.

ஆனால் பள்ளிக்கூடம் வேறு விஷயம். அது எப்படி வந்தது என்று உனக்கு யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை.

அந்தக் காலத்தில் நம் சபையில் மாதச் சம்பளம் வாங்கினவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். மற்ற எல்லாரும் கரிசல் காட்டில் பருத்தி எடுக்கவும் களை வெட்டவும் போனவர்கள். பள்ளிக்கூடம் வேண்டும் என்று முடிவானதும் பெண்கள் சங்கத்தில் பிடியரிசி எடுக்க ஆரம்பித்தோம். உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து ஆலயத்தில் கொட்டுவோம். ஒருத்தி பொன்னி போட்டிருப்பாள், ஒருத்தி ரேஷன் அரிசி, ஒருத்தி வீட்டில் அரிசியே இருக்காது, சோளம் கொண்டுவந்திருப்பாள். எல்லாம் ஒரே சாக்கில் கலந்து கிடக்கும். அதை நான்தான் படியில் அளந்து நோட்டில் எழுதி, விற்ற காசைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்குவேன். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பரங்கிக்காயை மாற்றி மாற்றி ஏலம் கேட்டு, எடுத்தவரே மறுபடியும் சபைக்குக் கொடுத்து, திரும்ப ஏலம் விட்டு, பொழுது சாயும் வரைக்கும் அந்த ஒரே காயை விற்போம். அந்தக் காசில்தான் நாற்பது சென்ட் நிலம் வாங்கினது.

சபை அப்போது எந்தச் சட்டத்திலும் பதிவாகவில்லை. பதிவாகாத சபையின் பேரில் கிரயம் முடிக்க முடியாது என்று பத்திர எழுத்தர் சொன்னதால், போதகர் பேரில் வாங்குவது என்று சபைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். பணம் சபைப் பணம், போதகர் சபைக்காக வைத்திருப்பார் என்று தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. கீழே ஐயாவின் கையெழுத்து இருக்கிறது. வழக்கின் உயிர் அந்தப் புத்தகத்தின் அந்த ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது.

2004 ஜூலை 16 உனக்கு நினைவிருக்கும், நீ அப்போது ஏழாவது. கும்பகோணத்தில் கூரைப் பள்ளியில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் கருகிப் போனார்கள். மறுநாள் நம் பள்ளிக்கு வந்த தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே விடாமல் கொட்டகைக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த ஞாயிறு ஆராதனையில் ஐயா பிரசங்கமே செய்யவில்லை, "கூரையை இறக்கணும்" என்று மட்டும் சொன்னார். காணிக்கைப் பையில் தோடு விழுந்தது, மோதிரம் விழுந்தது. கணவனை இழந்து கூலிக்குப் போன ஒரு பாட்டி தன் மூக்குத்தியைக் கழற்றிப் போட்டாள். ஐயாவும் தன் மனைவியின் வளையலைக் கொடுத்தார், வங்கியில் தன் பேரில் கடனும் வாங்கினார். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் காங்கிரீட் கட்டடத்தில் எல்லாருடைய பங்கும் இருக்கிறது.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரிந்ததை விட அதிகம். மூப்பர்கள் சில வருஷமாகவே பள்ளிக் கணக்கைக் கேட்டார்கள். முதலில் "ஆகட்டும்" என்றார், பிறகு "என்னையே சந்தேகப்படுகிறீர்களா" என்றார். கேட்ட இரண்டு மூப்பர்களைப் பொறுப்பிலிருந்து நீக்கினார். திருமங்கலத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான் விவரம் தெரிந்தது. பள்ளிக்கென்று புதிதாக ஒரு அறக்கட்டளை பதிவாகியிருக்கிறது. அதில் ஐயா, அவர் மனைவி, மகன், மருமகன் நாலு பேர்தான். நிலத்தையும் கட்டடத்தையும் அந்த அறக்கட்டளைக்கு எழுதி வைத்திருக்கிறார். சபையில் ஒருவருக்கும் தெரியாது. வாசலில் போர்டு மாறியபோது, பெயிண்ட் அடிக்கிறார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

கூட்டம் போட்டுப் பேசினோம். மதுரையிலிருந்து இரண்டு மூத்த போதகர்களை வரவழைத்து நடுவில் வைத்துப் பேசினோம். ஐயா குடியிருக்கும் வீடு அவர் காலம் வரை அவருக்கு, கடைசி வரை மாதம் ஒரு தொகை, அவர் கட்டிய கடன் தொகை கணக்குப் பார்த்துத் திருப்பித் தரப்படும், கட்டடத்துக்கு அவர் பேரே இருக்கட்டும், நிர்வாகம் மட்டும் சபை தேர்ந்தெடுக்கும் கமிட்டிக்கு வர வேண்டும் என்று எழுதியே கொடுத்தோம். பதில் வரவில்லை. முன்சீப் கோர்ட்டில் மூப்பர்கள் பள்ளி வளாகத்துக்குள் நுழையக் கூடாது என்று அவர் தடை கேட்டு வழக்குப் போட்டுவிட்டார். முதலில் படியேறியது நாங்கள் இல்லை என்பதை மாப்பிள்ளையிடம் சொல்.

நாம் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை இல்லை, தனிச் சபை. நமக்குப் பேராயரும் இல்லை, டயோசிஸும் இல்லை. போய் முறையிட மேலிடம் கிடையாது. அதனால்தான் ஜில்லா கோர்ட்.

வக்கீல் எனக்குப் பொறுமையாக விளக்கினார். 1908-ம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 92-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பொதுமக்களுக்கான தர்மச் சொத்தில் நம்பிக்கை மீறல் நடந்தால், அதில் அக்கறையுள்ள இரண்டு பேராவது சேர்ந்து, முதலில் கோர்ட்டின் அனுமதி வாங்கி, வழக்குப் போடலாம். யாரையும் ஜெயிலில் போடுகிற பிரிவு இல்லை இது. கணக்குக் காட்டச் சொல்லலாம், பொறுப்பாளரை மாற்றச் சொல்லலாம், இனிமேல் நிர்வாகம் எப்படி நடக்க வேண்டும் என்று ஒரு திட்டம் வகுத்துத் தரச் சொல்லலாம். இதைத்தான் கேட்டிருக்கிறோம். அனுமதி கிடைத்துவிட்டது. இரண்டு வாதிகளில் ஒன்று பழைய பொருளாளர், இன்னொன்று நான். பிடியரிசி நோட்டு என்னிடம் இருக்கிறது, முதல் வகுப்பு எடுத்த டீச்சர் நான். என்னை விட்டால் யார் நிற்பார்கள் சொல்.

அவர் தரப்பு வக்கீல் பினாமிச் சட்டத்தைச் சொல்கிறார். 1988-ம் வருஷத்துச் சட்டப்படி, பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கே சொத்து, பணம் கொடுத்தது நான் என்று வேறொருவர் உரிமை கேட்க முடியாது என்கிறார். ஆனால் பிறருக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருப்பவருக்கு அதே சட்டத்தில் விலக்கு இருக்கிறது என்கிறார் நம் வக்கீல். ஐயா அந்த நிலத்தை எந்த நிலையில் வைத்திருந்தார் என்பதைக் கோர்ட் முடிவு செய்யும். இன்னொன்றும் சொன்னார், என் மனசில் அப்படியே பதிந்துவிட்டது. நம்முடையது சிறுபான்மையினர் பள்ளி. அரசியல் சட்டம் 30-வது கூறில் பள்ளி நடத்தும் உரிமையைச் சிறுபான்மைச் சமுதாயத்துக்குக் கொடுத்திருக்கிறது. அந்த உரிமையைக் காட்டித்தான் பள்ளி அங்கீகாரம் வாங்கியது. வாங்கும்போது சமுதாயத்தின் பள்ளி, வாங்கியபின் ஒரு குடும்பத்தின் பள்ளியா?

திருமங்கலத்திலிருந்து மதுரைக்குப் போகையில் பசுமலையைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள் நீ. 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷன்காரர்கள் மதுரைக்கு வந்தார்கள். அவர்களுடைய செமினரி 1842-ல் தொடங்கியது நம் திருமங்கலத்தில்தான். 1845-ல் பசுமலைக்கு மாறியது. 1881-ல் அங்கே கல்லூரி வகுப்பு வந்து, 1909-ல் வைகைக்கு வடகரை போய், இன்றைக்கு அமெரிக்கன் கல்லூரியாக நிற்கிறது. எத்தனை துரைமார் வந்தார்கள், போனார்கள், சிலர் இங்கேயே மண்ணானார்கள். ஒருவரும் தன் மகனுக்கு எழுதி வைக்கவில்லை. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது சொத்துகளை வைத்துக்கொள்ளவே தனியாக டிரஸ்ட் அசோசியேஷன் பதிவு செய்தார்கள். அங்கேயும் சொத்து வழக்குகள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் யாருடையது என்று அங்கே ஒரு ஆயரின் மருமகனிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை.

இப்போது பள்ளியில் என்ன நிலைமை தெரியுமா? ஒரே வாரத்தில் பெற்றோருக்கு இரண்டு சுற்றறிக்கை. இரண்டிலும் "தாளாளர்" என்று சீல், இரண்டு வேறு வேறு கையெழுத்து. ஒன்றில் ஃபீஸை ஆபீசில் கட்டு என்கிறது, மற்றதில் கட்டாதே, கோர்ட் முடிவு வரும் வரை பொறு என்கிறது. இரண்டு பக்கமும் வங்கிக்குக் கடிதம் கொடுத்ததால் கணக்கை முடக்கி வைத்திருக்கிறார்கள். டீச்சர்களுக்குச் சம்பளம் வரவில்லை. உன்னோடு படித்தாளே, சத்துணவு ஆயாவின் மகள், இப்போது அங்கே மூன்றாம் வகுப்பு டீச்சர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், யார் ஜெயிச்சாலும் சரி, எங்களுக்குச் சம்பளம் போடச் சொல்லுங்க" என்றாள். அதற்காகத்தான் முதல் மனுவே சம்பளக் கணக்கை மட்டும் திறந்துவிடச் சொல்லிப் போட்டிருக்கிறோம். அங்கீகாரம் புதுப்பிக்கக் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் வேண்டும். யார் கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல் விண்ணப்பம் அப்படியே கிடக்கிறது. கும்பகோணத்துக்கு அழுது கட்டிய கட்டடம் அது. அதற்குத் தீயணைப்புச் சான்று இல்லை என்கிற நிலைமையை என்னால் தாங்க முடியவில்லை.

முதலாம் கொரிந்தியர் ஆறாம் அதிகாரத்தை மாப்பிள்ளை அனுப்பியிருந்தார். சகோதரனும் சகோதரனும் வழக்காடக் கூடாது என்று பவுல் எழுதியதை நான் ஞாயிறு பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். அதே பவுல் நியாயம் கிடைக்காதபோது இராயனிடம், அதாவது ரோமப் பேரரசனிடம், அபயம் கேட்டார், அப்போஸ்தலர் 25-ல் இருக்கிறது. மாப்பிள்ளை அனுப்பிய கொரிந்தியர் அதிகாரத்தில் பவுல் சொல்கிற ஞானமுள்ளவர்களைத் தேடித்தான் மதுரை வரை போய்ப் போதகர்களை அழைத்து வந்தோம். அநியாயத்தைச் சகித்துக்கொள் என்றும் அதில் இருக்கிறது. என் சொத்து போயிருந்தால் சகித்திருப்பேன், சத்தியமாக. மூக்குத்தி கொடுத்த பாட்டி உயிரோடு இல்லை. அவளுக்காக நான் எப்படி விட்டுக்கொடுப்பது?

போன வாரம் ஒரு துக்க வீட்டில் ஐயாவின் மனைவியைப் பார்த்தேன். எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பாப்பா எப்படி இருக்கா, ரெண்டாவது என்ன குழந்தை" என்று உன்னைத்தான் கேட்டார்கள். பெண் குழந்தை என்றேன். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார்கள். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஊருக்கு வரும்போது நீ அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போ, ஐயாவிடம் ஜெபம் பண்ணச் சொல். நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

ஜில்லா கோர்ட்டிலேயே சமரச மையம் இருக்கிறது. அடுத்த வாய்தாவில் வழக்கை அங்கே அனுப்பச் சொல்லிக் கேட்கப் போகிறோம். ஐயா ஒத்துக்கொண்டால் அதே பழைய பேச்சுக்கு இன்றைக்கும் தயார் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டேன்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். நீ எட்டாவது முடித்த வருஷம் பள்ளி ஆண்டு விழா மலர் ஒன்று போட்டார்கள். உன் கட்டுரை அதில் வந்ததால் நீ பத்திரமாக எடுத்துப் போனாய். அதன் முதல் பக்கத்தில் ஐயா தன் கைப்பட ஒரு வாழ்த்துரை எழுதியிருப்பார், "இப்பள்ளி நம் சபையின் சொத்து, நான் அதன் காவல்காரன்" என்று. இங்கே யாரிடமும் அந்த மலர் இல்லை. உன் சர்டிபிகேட் பைலில் தேடிப் பார். கிடைத்தால் முதல் பக்கத்தையும் அட்டையையும் தெளிவாகப் படம் எடுத்து இப்போதே அனுப்பு, அசலைக் கூரியரில் போடு. தேட மனசு வரவில்லை என்றாலும் சொல்லிவிடு, நான் கோபிக்க மாட்டேன். ஆனால் வாய்தாவுக்கு முன்னால் சொல்லு பாப்பா, வக்கீல் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பிள்ளைகளுக்கு முத்தம்.

அன்புடன்,
அம்மா