போகிற வாடகை, திரும்புகிற வாடகை

கண்ணு,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஞாயிற்றுக்கிழமை டிராக் டே, அவரவர் பைக்கை டிராக்கில் ஓட்டிப் பார்க்கிற நாள். அதற்குப் பெங்களூரிலிருந்து பைக்கை ஓட்டிக்கொண்டே போய்விடலாமா, இல்லை குட்டி யானை என்கிற டாடா ஏஸைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போகலாமா என்று போனில் கேட்டாய். ஆபீசில் பார்ட்டி உட்கார்ந்திருந்ததால் சரியாகப் பேச முடியவில்லை. எழுதிவிட்டால் உன் சிநேகிதர்களுக்கும் காட்டுவாயே என்றுதான் இதை எழுதுகிறேன்.

சங்ககிரியில் லாரி ஆபீஸ் நடத்துகிறவளுக்கு எந்த லோடு வந்தாலும் வண்டி எப்படித் திரும்பும் என்பதுதான் முதல் யோசனை. போகிற வாடகை எவருக்கும் கிடைக்கும். ரிட்டர்ன் லோடு இல்லாவிட்டால் டீசலும் டோலும் கையைக் கடித்துவிடும். நீ கேட்ட விஷயத்தையும் அப்படித்தான் பார்க்கிறேன். போகும்போது நீயும் தெம்பாக இருப்பாய், பைக்கும் முழுசாக இருக்கும். அப்போது எந்த வழியில் போனாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ எப்படி இருப்பாய், பைக் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்து வண்டி பிடி.

ஓட்டிக்கொண்டு போவதை நான் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லவில்லை. பெட்ரோல் காசோடு செலவு முடிந்துவிடும். ஒசூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று ஒரே நெடுஞ்சாலை. சென்னை நெரிசலுக்குள் நுழைய வேண்டியதும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் தாண்டினதும் டிராக் வந்துவிடும். சுமார் 300 கிலோமீட்டர். உன் யமஹா ஆர்15-க்கு அது ஒரு தூரமே இல்லை.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார். சாலையில் நேராக ஓடும்போது டயரின் நடுப்பாகம் தேயும். டிராக்கில் வளைவுகளில் படுத்துப் போகும்போது உனக்கு வேண்டியது டயரின் ஓரம். காசு போட்டு நல்ல மிருதுவான டயர் வாங்கி, போக வர 600 கிலோமீட்டர் அதன் நடுவைத் தேய்ப்பது யாருக்கு லாபம்? அங்கே போனதும் கண்ணாடியைக் கழற்று, நம்பர் பிளேட்டைக் கழற்று, லைட்டுக்கு டேப் ஒட்டு, டயரில் காற்றை இறக்கு என்று காலையில் ஒரு வேலை. சாயங்காலம் வெளிச்சம் போவதற்குள் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, காற்றும் ஏற்ற வேண்டும். டூல் பையும் லெதர் சூட்டும் முதுகில் தொங்கும்.

அப்புறம் உன் உடம்பு. ஸ்ரீபெரும்புதூர் வெயிலில் நாள் முழுக்க லெதர் சூட்டுக்குள் இருந்துவிட்டு, மணிக்கட்டும் தொடையும் கெஞ்சும்போது ராத்திரி நெடுஞ்சாலையில் ஏறுவாய். உன் அப்பா லாரி ஓட்டிய காலத்தில் கண்ணைச் சொக்கினால் ஓரம் கட்டி ஸ்டீயரிங் மேல் சாய்ந்துவிடுவார். பைக்கில் சாய இடம் ஏது? கட்டாயம் ஓட்டித்தான் வர வேண்டும் என்றால் அன்று ராத்திரி அங்கேயே தங்கி, மறுநாள் லீவு போட்டுக் காலையில் கிளம்பு. அந்த ரூம் வாடகையையும் ஒரு நாள் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஓட்டிக்கொண்டு போவது நீ நினைக்கிற அளவுக்கு மலிவு இல்லை.

விழுவதைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். டிராக்கில் வழுக்கி விழுந்து, தூசி தட்டி எழுந்து வருகிறவர்கள் நிறையப் பேர் என்று நீயே சொல்லியிருக்கிறாய். உனக்கு ஒன்றும் ஆகாது, சரி. பிரேக் லீவர் உடைந்திருக்கும், இல்லை ஃபுட்ரெஸ்ட் போயிருக்கும். அதை வைத்துக்கொண்டு 300 கிலோமீட்டர் வர முடியாது. ஞாயிறு சாயங்காலம் டிராக் கேட்டுக்கு வெளியே நின்று வண்டி தேடினால், உன் முகத்தைப் பார்த்தே வாடகை சொல்வான். இந்தத் தொழிலில் இருப்பதால் சொல்கிறேன், அவசரக்காரருக்கு என்று எல்லா ஊரிலும் தனி ரேட் உண்டு.

ரயிலைப் பற்றி உன் சித்தப்பா சொன்னாராம். அவர் காலத்து யோசனை. ரயிலில் ஏற்ற பெட்ரோலைச் சுத்தமாக வடிக்க வேண்டும், சாக்கு சுற்றிக் கட்ட வேண்டும், ஆர்.சி. நகல் கொடுக்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டைக்கு ரயிலே கிடையாது. ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறக்கி, அங்கிருந்து இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். வேலை மாறி ஊர் மாறுகிறவர்களுக்கு அது சரி.

பார்சல் லாரியும் பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸும் அதே கதைதான். நம் தொழில் என்று நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர்கள் நன்றாகத்தான் சுற்றிக் கட்டுவார்கள். ஆனால் "ரெண்டு மூணு நாளில் வந்துடும்" என்பதுதான் அவர்களுடைய வாக்கு. டிராக் டே முகூர்த்தம் மாதிரி, அந்த நாள் போனால் போனதுதான், கட்டிய பணமும் போகும். வழியில் குடோனில் இறக்கி வேறு வண்டிக்கு மாற்றும்போது எத்தனை கை படும் என்றும் யோசி. எல்.ஆர். என்கிற லாரி ரசீதில் ஓனர் ரிஸ்க், அதாவது சேதமானால் சரக்குக்காரர் பொறுப்பு, என்று அச்சடித்திருப்பதை யாரும் படிப்பதில்லை. நான் தினமும் அதில் கையெழுத்துப் போடுகிறவள், எனக்குத் தெரியும்.

ஆகவே குட்டி யானைதான், இல்லை அதற்கு அண்ணன். நீ ஒருத்தி மட்டும், இல்லை இரண்டு பேர் என்றால் ஏஸ் போதும். அதன் பாடி சுமார் ஏழடி நீளம், ஐந்தடி அகலம். உன் பைக் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதனால் பின்கதவைச் சாத்தவும் இடம் இருக்கும். இரண்டு பைக் வைத்தால் ஹேண்டில்கள் இடிக்காமல் ஒன்றைக் கொஞ்சம் முன்னும் மற்றதைக் கொஞ்சம் பின்னுமாக நிறுத்த வேண்டும். உன் சிநேகிதர்களின் பைக்குகள், கே.டி.எம். ஆர்.சி. 390-யும் டி.வி.எஸ். ஆர்.ஆர். 310-ம், சேர்ந்து வந்தால் ஏஸைவிடப் பெரிய தோஸ்த் அல்லது பொலேரோ பிக்கப் பார். மூன்று பைக்கும் சேர்ந்து 500 கிலோகூட வராது, எடை ஒரு பிரச்சினை இல்லை. அகலம்தான் பிரச்சினை. இரண்டை முன்பக்கம் பார்த்தும் நடுவில் ஒன்றைப் பின்பக்கம் பார்த்தும் நிறுத்தினால் அடங்கும். நடுவில் நிற்பது இலேசானதாக இருந்தால் ஏற்றுவதும் இறக்குவதும் சுலபம். அது உன்னுடையதுதான், கோபித்துக்கொள்ளாதே. வாடகையை மூன்றாகப் பிரித்தால் கையை அவ்வளவாகக் கடிக்காது.

வாடகை பேசும்போது போக வர, ஹால்டிங் (வண்டி காத்து நிற்பதற்கான காசு), டிரைவர் பேட்டா, டோல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசி, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள். ரிட்டர்ன் வண்டி பிடித்தால் மலிவு என்று யாராவது சொல்வார்கள். வாரநாளில் அது உண்மை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் அத்தனை தொழிற்சாலைகள். ஒசூருக்கும் பெங்களூருக்கும் காலியாகத் திரும்புகிற வண்டி கிடைக்கும். ஞாயிறு சாயங்காலம் தொழிற்சாலை லோடு குறைவு, வண்டியும் குறைவு. அதனால் கொண்டுபோன வண்டியையே அங்கே நிறுத்தி வை. ஹால்டிங் காசு தண்டம் என்று உனக்குத் தோன்றும். நீ விழுந்தாலும் எழுந்தாலும் வீட்டுக்கு வர ஒரு வண்டி கேட்டில் நிற்கிறது என்பதற்கான காசு அது.

ஏஸ் மெதுவாகத்தான் போகும். காரில் ஐந்தரை மணி நேரம் என்றால் இதில் ஏழெட்டு மணி நேரம் வை. காலையில் முதலில் பைக்கைப் பரிசோதிப்பார்கள் என்கிறாய், அதனால் முந்தின நாள் மதியத்திலேயே கிளம்பிவிடு. டிரைவரும் ராத்திரி தூங்க வேண்டும். தூங்காத டிரைவரோடு திரும்புவதற்குப் பதில் நீயே பைக்கை ஓட்டிக்கொண்டு வரலாம். இன்னொன்று, கேபினில் டிரைவர் பக்கத்தில் ஒருவர்தான் உட்காரலாம். பைக்கைப் பிடித்துக்கொள்கிறேன் என்று பின்னால் ஏறி உட்காராதே. சட்டப்படியும் தப்பு, உயிருக்கும் ஆபத்து. மற்றவர்கள் பஸ்ஸில் வாருங்கள்.

இனி கட்டுவது. இதில்தான் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்கிறார். ஏஸ் டிரைவர் நைலான் கயிறு வைத்திருப்பார், அதை நம்பாதே. கயிறு இழுபடும், அரை மணி நேரத்தில் தொய்ந்துவிடும். கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்குகிற ராட்செட் பெல்ட் பைக்குக்கு நாலு வாங்கு. முன் சக்கரத்தைக் கேபினை ஒட்டிய தகட்டில் நன்றாக முட்ட வை. பிரேக் அடிக்கும்போது பாரம் முன்னால்தான் வரும். பெல்ட்டை ஹேண்டில் நுனியில் போடாதே, உன் பைக்கில் அது ஃபோர்க்கோடு (முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்கள்) தனியாக முடுக்கிய ஹேண்டில், திரும்பிவிடும். ஃபோர்க் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கீழ்த் தட்டில் ஒரு துணி வளையம் மாட்டி, அதிலிருந்து இரண்டு பக்கமும் முன்மூலைக்குச் சாய்வாக இழு. ஃபோர்க் பாதி அமுங்கினால் போதும். அடிவரை அமுக்கினால் ஆயில் சீலுக்குக் கேடு, அமுக்காமல் விட்டால் பள்ளத்தில் குதிக்கும்போது பெல்ட் கழன்றுகொள்ளும். பின்பக்க பெல்ட் ஆடாமல் இருக்க மட்டும்தான்.

சைடு ஸ்டாண்டில் சாய்த்துக் கட்டுகிற பழக்கம் எல்லா டிரைவருக்கும் உண்டு. பெல்ட்டை இறுக்க இறுக்க அத்தனை பாரமும் அந்த ஒற்றைக் கம்பியில் போய் விழும், ஸ்டாண்டோ அது மாட்டியிருக்கும் இடமோ வளையும். நேராக நிற்க வைத்து, கட்டி முடித்தபின் ஸ்டாண்டை மடக்கிவிடு. இந்த வண்டிகளில் கொக்கி பாடிக்கு வெளிப்புறம்தான் இருக்கும். பெல்ட் தகட்டு விளிம்பில் உரசும் இடத்திலெல்லாம் பழைய லாரி டியூபை வெட்டி வை, இல்லாவிட்டால் விளிம்பே அறுத்துவிடும். தார்பாயைத் தளர்வாகப் போர்த்தாதே, காற்றில் படபடவென்று அடித்து மழையைவிட அதிகமாகப் பெயின்டைக் கெடுக்கும். கிளம்பிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்தி எல்லா பெல்ட்டையும் இழுத்துப் பார். டிரைவர் முணுமுணுப்பார். டீ வாங்கிக் கொடு.

ஏற்ற இறக்க அங்கே லோடுமேன் இருக்க மாட்டார்கள். ஏதாவது மேட்டுப் பக்கம் வண்டியைப் பின்னால் விட்டு நிறுத்தினால் பாதி உயரம் குறைந்துவிடும். பலகையில் ஓட்டி ஏற்றாதே. பக்கத்தில் நடந்து தள்ளு, பின்னால் ஒருவர் பிடிக்கட்டும்.

ஏற்றுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடு. உன் பாலிசி வெறும் தேர்டு பார்ட்டியாக இல்லாமல் முழுப் பாலிசியாக இருந்தால், சாலையில் வேறு வண்டியில் கொண்டுபோகும்போது ஆகும் சேதமும் அதில் அடங்கும். எடுத்துப் படித்துப் பார். அதே தாளில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பயன்படுத்தினால் பொருந்தாது என்றும் இருக்கும். அதாவது கேட் வரைக்கும் கம்பெனி, கேட்டுக்கு உள்ளே உன் பர்ஸ்.

நாலு பேர் சேர்ந்து பழைய பிக்கப் ஒன்று வாங்கிவிடலாமா என்றும் ஒரு பேச்சு அடிபட்டதே. வேண்டாம். ஆர்.சி. யார் பெயரில்? தகுதிச் சான்று எஃப்.சி.க்கு யார் கொண்டுபோய் நிறுத்துவது? மாதக்கணக்கில் சும்மா நின்றால் பேட்டரிக்கு யார் காசு? கூட்டாக லாரி வாங்கிப் பேச்சுவார்த்தை நின்றுபோன சொந்தங்கள் நம் ஊரில் தெருவுக்கு ஒன்று. காருக்குப் பின்னால் டிரெய்லர் இழுப்பதும் அப்படித்தான், அதற்கும் தனிப் பதிவு வேண்டும், நிறுத்தி வைக்க இடம் வேண்டும். பெங்களூரில் பைக் நிறுத்தவே இடமில்லை என்று புலம்புகிறவள் நீ.

கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி ஸ்பீட்வே டிராக்குக்குப் போகும்போது மட்டும் இந்தக் கணக்கெல்லாம் மாறும். வழியில் நம் வீடு இருக்கிறதே. முந்தின நாள் பகலில் நிதானமாக ஓட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. இங்கிருந்து செட்டிப்பாளையம் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான், தெரிந்த பையனின் தோஸ்த்தில் ஏற்றி விடுகிறேன். திரும்பும்போதும் இங்கே இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம். அந்தச் சின்ன டிராக்கே பழகுவதற்கு நல்லது என்று நீதானே சொன்னாய். 

நம் பட்டறையில் கிடந்த எட்டடிப் பலகை ஒன்றில் வழுக்காமல் இருக்க ரப்பர் பட்டை அடித்து வைத்திருக்கிறார் அப்பா. டியூப் துண்டுகளும் ஒரு பையில் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை பெங்களூர் போகிற வண்டியில் போட்டு விடுகிறேன். கலாசிபாளையம் ஆபீசில் இறக்கி வைப்பார்கள், நீ ஆளோடு போய் எடுத்துக்கொள். எல்.ஆர். நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கூலி கொடுத்தாயிற்று, அங்கே யாராவது கேட்டால் கொடுக்காதே.

அன்புடன்,
அம்மா