ஓவியர் சங்க ஆண்டறிக்கை 2024–25: ஒரே வயல், பன்னிரண்டு மாதம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஊர் ஊராகப் போய் வரைவதை நிறுத்திவிட்டு, மன்னார்குடிப் பக்கம் ஒரே வயலை, ஒரே வரப்பில் உட்கார்ந்து, ஜூன் தொடங்கி மே வரை மாதம் ஒரு முறை வரைவது என்று போன பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். ஒரு மாதமும் விடாமல் வந்தவர் நம் டிராயிங் மாஸ்டர் மட்டும்தான். அதனால் அறிக்கையில் பெரும்பகுதி அவர் படங்களைப் பற்றியே இருக்கும்.

மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 திறக்கும், வாய்க்காலில் தண்ணீர் வருவதுதான் முதல் படம் என்று நினைத்துப் போனோம். 2024இல் அணையில் நீர் போதாமல் ஜூலை 28இல்தான் திறந்தார்கள். ஆக முதல் இரண்டு படமும் வெடித்த மண்ணும் ஆட்டுக்கிடையும்தான். மாஸ்டர் பச்சை ட்யூபைத் திறக்கவே இல்லை.

அப்புறம் செப்டம்பரில் நாற்றங்கால். அந்த இளம்பச்சை எந்த ட்யூபிலும் கிடையாது. மஞ்சளை நிறைய எடுத்து, நீலத்தைப் பிரஷ் நுனியில் தொட்டு, தாளின் வெள்ளை தெரியும்படி ஒரே வாஷில் (நீர்த்த வண்ணப் பூச்சில்) அவர் கொண்டுவந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அக்டோபரில் நடவு முடிந்த வயலில் பயிரைவிட வானம்தான் அதிகம் தெரிந்தது.

நவம்பர் கடைசியில், பின்னால் ஃபெஞ்சல் புயலான அந்தத் தாழ்வு மண்டலத்தின் மழையில் வயல் மூழ்கிவிட்டது. தாளும் காயவில்லை. வயல்காரர் மண்வெட்டியோடு மடையை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். மாஸ்டர் பலகையை மூடி வைத்துவிட்டு, அவரோடு போய் நின்று பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து வரைந்தார். பன்னிரண்டில் எனக்கு மிகப் பிடித்தது அந்தச் சாம்பல் நிறப் படம்தான்.

ஜனவரியில் அறுவடை மிஷின் இறங்கியது, பிப்ரவரியில் அரிதாளுக்கு நடுவே உளுந்து முளைத்திருந்தது. மார்ச்சில் போனபோது வரப்போரத்துப் பனைகளில் இரண்டைக் காணோம். யாரோ வெட்டிவிட்டார்கள். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தும் இதுதான் நிலை. பிரான்சில் 1891இல் ஓவியர் மோனே வரைந்துகொண்டிருந்த பாப்லர் மரங்கள் ஏலத்துக்கு வந்தபோது, படம் முடியும்வரை வெட்டாமல் வைத்திருக்க மரவியாபாரிக்கே அவர் பணம் கொடுத்தார். நமக்கு முன்பே தெரிந்திருந்தால் நாமும் கேட்டுப் பார்த்திருப்போம். மாஸ்டர் மார்ச் படத்தில் அந்த இரண்டு இடத்தையும் வெறுமையாகவே விட்டிருக்கிறார், ஏப்ரல், மே படங்களிலும் அப்படித்தான்.

மே மாதக் கண்காட்சிக்கு வயல்காரரும் வந்தார். டிசம்பர் படத்தின் முன் வெகுநேரம் நின்றவர், "இது யூரியா போட்டு நாலஞ்சு நாள் ஆன பயிரு" என்றார். அந்தக் கரும்பச்சைக்காக மாஸ்டர் மூன்று தாளைக் கிழித்துப் போட்டவர். அதைவிட அவருக்கு என்ன பாராட்டு வேண்டும்? அந்தப் படத்தை வயல்காரருக்கே கொடுத்துவிட்டார்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிடுங்கள்.

இந்த ஆண்டு (2025) ஜூன் 12 அன்றே மேட்டூர் திறந்துவிட்டது. அதே வரப்பில் இன்னொரு வருடம் உட்காரப் போவதாக மாஸ்டர் சொல்லிவிட்டார், நானும் போகிறேன். வருகிறவர்கள் ஞாயிறு காலை ஆறரைக்குள் வந்துவிடுங்கள். முக்காலி எடுத்து வாருங்கள், வரப்பு ஈரமாக இருக்கும்.

செயலாளர்